ஆற்றோரக் கிராமத்துக்குள் இருபத்தேழு கட்டைகள்

எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருப்பதை நாற்பத்து மூன்று வயதுவரை நான் வெளியில் சொன்னதில்லை. ஒஸ்லோவில் தபால் பிரிக்கும் இடத்தில் பதினாறு வருட வேலை. கடித உறையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தத் தெருப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று கை தானாக எறியும். ரொம்மனில் எந்த வளைவில் எந்தக் கட்டடம், லில்லெஸ்ட்ரோமில் ஆற்றோரமாக எந்தத் தெரு என்று கேட்டால் உடனே சொல்லுவேன். அந்த இடங்களில் பாதிக்கு நான் போனதே இல்லை. கடதாசியில் பார்த்தால் போதும், இடம் பிடிபட்டுவிடும் என்று நம்பிய ஆள் நான்.

ஊரில் இருந்தவர்களும் அப்படியே நம்பினார்கள். அக்கா வன்னியில், அத்தானோடும் ஒரு பெண், ஒரு பையன் என்ற இரண்டு பிள்ளைகளோடும் இருந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர். ஆனால் நான் விமானம் ஏறிய நாளிலிருந்து அவருக்கு நான்தான் மூத்தவன். கிணறு எந்த மூலையில் வெட்டுவது, கூரைக்கு ஓடா தகடா, மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை, என்ன மருந்து கொடுப்பது என்று எல்லாமே ஒஸ்லோவுக்குக் கேட்டு வரும். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். வெளிநாட்டில் இருக்கிறவனைக் கேட்காமல் ஒரு காரியம் நடக்காது. வெளிநாட்டில் இருக்கிறவனும் தெரியாது என்று சொல்லமாட்டான், சொன்னால் மரியாதை போய்விடும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில் என் வீட்டு நான்காம் மாடிச் சோபாவில் இருந்துகொண்டு நான் கிணற்றுக்கு மூலை சொன்னேன். நல்ல காலம், தண்ணீர் வந்தது. அதோடு என் பெயர் இன்னும் ஏறிவிட்டது.

எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடியில் ஒரு நோர்வேஜியர் இருந்தார். என் வயதுதான், ரயில்வேயில் வேலை, தனி ஆள். 2008 இலையுதிர் காலத்தில், குடியிருப்பே சேர்ந்து வளவைக் கூட்டித் துப்புரவு செய்யும் டுக்னாட் நாளில், பெரிய பலகை ஒன்றை நிலவறைக்கு இறக்க முடியாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். கீழே போய்ப் பார்த்தால், அந்த அறை முழுக்க ஈயப் பொம்மைகள். சுண்டுவிரல் நகமளவு தலை, அதற்குமேல் தொப்பி, கையில் துவக்கு. ஆறு ஆறு பேராக ஒரு சின்ன மரக்கட்டையில் ஒட்டியிருந்தார். ஒரு கட்டை ஒரு படையணி. நாங்கள் இறக்கிய பலகையில் ஆறு, ஓடை, வயல், கிராமங்கள் எல்லாம் வரையப்பட்டிருந்தன.

தன்யூப் ஆற்றங்கரையில் 1704இல் நடந்த சண்டை என்றார். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரரும் பவேரியரும். மறுபக்கம் ஆங்கிலேயர், ஒல்லாந்தர், ஒஸ்திரியர், டென்மார்க்காரர், ஜெர்மன் சிற்றரசர்களின் ஆட்கள் என்று ஒரு கூட்டு. அந்தக் காலத்தில் நோர்வே டென்மார்க் அரசனுக்குக் கீழே இருந்ததால் தங்கள் நாட்டு ஆட்களும் அதில் சிலர் இருந்திருக்கலாம் என்றார். எத்தனை பேர் என்று கேட்டேன். "வெட் இக்க" என்றார். தெரியாது என்று அர்த்தம். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் புதினமாக இருந்தது. வெட்கமுமில்லை, மன்னிப்புக் கேட்கும் குரலுமில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவினார்.

"உங்களுக்கு இந்தச் சண்டை பற்றித் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியும்" என்றேன். ஒரு மண்ணும் தெரியாது.

அப்படித்தான் நான் பிரெஞ்சுப் படைக்குத் தளபதியானேன். சனிக்கிழமைகளில் பகல் பத்து மணிக்குக் கீழே போவேன். ஒவ்வொரு படையும் எவ்வளவு தூரம் நகரலாம் என்று அளவுநாடா வைத்து அளந்து, தாயக்கட்டை உருட்டி, ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று நகர்வுதான் முடியும். மிச்சம் அடுத்த சனிக்கிழமை. அந்தச் சண்டை ஒரே பகலில் முடிந்ததாம். நாங்கள் அதை மாதக்கணக்காக இழுத்தோம்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

"ஊரிலை சனம் சாகுது. நீங்கள் கீழை பொம்மை வைச்சு விளையாடுறியள்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் மேலே இருந்தால் நாள் முழுக்கத் தொலைக்காட்சி, கணினி, தொலைபேசி. சமையலறைச் சுவரில் வன்னி வரைபடம். வேலையிடத்து அச்சுப்பொறியில் எடுத்து, நான்கு தாளை ஒட்டி, ஆமி வந்துவிட்ட இடங்களில் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் குண்டூசிகள் கிழக்கே நகர்ந்தன. அவற்றை நகர்த்துவதைத் தவிர என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை. கீழே போனால், நான் நகர்த்துவது எனக்குக் கீழ்ப்படிந்தது. இப்படி எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

கிராமத்து வீடுகளுக்கு வர்ணம் பூசும் வேலையை அவர் என்னிடம் தந்தார். தபால் பிரித்த கை, நடுங்காது. ஆற்றோரமாக இருந்த பிளின்ட்ஹைம் என்ற கிராமத்துக்கு மட்டும் பதினெட்டு வீடு, ஒரு கோயில், கோயிலைச் சுற்றி ஒரு மதில். பூசி முடித்த பிறகு, ஊர்ச் சனம் எங்கே என்று கேட்டேன். பெட்டியில் சனத்துக்குப் பொம்மை இல்லை. அவர் புத்தகங்களைத் தூக்கிவந்து புரட்டினார். எத்தனை பீரங்கி, எந்தப் படைக்கு எந்த நிறச் சட்டை, எந்தத் தளபதி எங்கே நின்றான் என்று எல்லாம் இருந்தது. அந்தப் பதினெட்டு வீட்டுக்காரரும் அன்று காலையில் எங்கே போனார்கள் என்று மட்டும் இல்லை. சண்டைக்கு முன்பே அந்த நாட்டில் ஊரூராகக் கொளுத்தியிருக்கிறார்கள், ஓடியிருக்கலாம், காட்டில் ஒளித்திருக்கலாம், சிலர் உள்ளேயே இருந்திருக்கலாம் என்றார். கடைசியில் வழக்கம்போல, "வெட் இக்க". எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு புத்தகம் வைத்திருக்கிறவனுக்கு இது தெரியாதா என்று மனதுக்குள் திட்டினேன்.

2009 பிறந்தது. தை மாதத்தில் அக்கா இரண்டு முறை இடம்பெயர்ந்தார். தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. யாரோ வைத்திருந்த செய்மதித் தொலைபேசிக்கு வரிசையில் நின்று, இரண்டு மூன்று நிமிடம் கதைப்பார். நிலவறைக்குள் என் கைத்தொலைபேசி வேலை செய்யாது. மேலே ஒரு சின்ன யன்னல் இருந்தது, அதன் விளிம்பில் வைத்தால் மட்டும் இரண்டு கோடு காட்டும். ஆகவே சனிக்கிழமைகளில் தொலைபேசியை அங்கே வைத்துவிட்டுத்தான் தாயம் உருட்டுவேன்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அந்த ஆற்றோரக் கிராமத்துக்குள் என் படைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். முதலிலேயே அதற்குள் ஒன்பது கட்டை இருந்தது. பின்னால் சும்மா நின்ற பதினெட்டையும் உள்ளே அனுப்பினேன். கணக்குச் சுலபம். கிராமத்துக்கு ஒரு பக்கம் ஆறு, அந்தப் பக்கத்தால் எதிரி வரமுடியாது. சுற்றிவர வீடும் மதிலும். பெரிய படைகள் வெளியையும் பாதையையும் பிடிக்கத்தான் அடிபடும், ஓரத்துக்கு வராது. இருபத்தேழு கட்டையும் பதினெட்டு வீட்டுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நோர்வேஜியர் பார்த்துச் சிரித்தார்.

"அவர்களும் அப்படித்தான் செய்தார்கள்" என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சண்டை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா. வேண்டுமென்றே அந்தத் தளபதி போலவே ஆடுகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

அப்போதுதான் யன்னல் விளிம்பில் தொலைபேசி அடித்தது. கதிரையில் ஏறி எடுத்தேன். அக்கா.

"தம்பி, இஞ்சை இனி இருக்கேலாது. காலமை பக்கத்துக் காணியிலை ஷெல் விழுந்தது. கொஞ்சச் சனம் காட்டுக்குள்ளாலை அங்காலை ஆமிப் பக்கம் போகுது. மிச்சச் சனம் எல்லாம் கரைப்பக்கம் போகுது. அத்தான் காட்டுப்பக்கம் போவம் எண்டுறார். நீ என்ன சொல்லுறாய்?"

"காட்டுப்பக்கம் வேண்டாம் அக்கா. நடுவிலை அம்பிட்டியள் எண்டால் ரெண்டு பக்கத்தாலும் அடி. கரைப்பக்கம் போங்கோ. ஒரு பக்கம் கடல், அந்தப் பக்கத்தாலை ஒருத்தரும் வராயினம். சண்டை றோட்டைப் பிடிக்கத்தான் நடக்கும். ஓரத்துக்கு வராது."

"உனக்கு நல்லாத் தெரியுமோ?"

"ஓம் அக்கா. இஞ்சை படத்திலை வடிவாத் தெரியுது."

பின்னால் அத்தானின் குரல் ஏதோ சொன்னது. அக்கா அவருக்கு, "தம்பி சொல்லுறான்" என்று மட்டும் சொன்னது கேட்டது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

கதிரையிலிருந்து இறங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதமாகக் குண்டூசி நகர்த்திக்கொண்டிருந்தவன், கடைசியில் ஒரு உதவி செய்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்று என் முறைக்குத் தாயத்தில் ஆறு விழுந்ததும் நினைவிருக்கிறது.

அதன்பிறகு அக்காவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. செய்தி மட்டும் வந்தது. கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு, அதில் சனம் நிற்க இடமில்லாமல் நிற்கிறது என்று படம் காட்டினார்கள். தறப்பாள் கூடாரத்துக்குப் பக்கத்தில் தறப்பாள் கூடாரம். ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி, பெரிதாக்கி, அக்காவின் சேலை நிறம் தெரிகிறதா என்று பார்த்தேன். முகங்கள் பெரிதாக்கப் பெரிதாக்கச் சதுரம் சதுரமாக உடைந்துபோயின.

பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை. நோர்வேஜியர் என் கிராமத்துக்கு முன்னால் கொஞ்சப் படையை மட்டும் நிறுத்திவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் நடுவெளியால் கொண்டுவந்தார். என் குதிரைப்படை ஆற்றுப் பக்கமாக ஓடியது. ஓடிய கட்டைகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்து நீலத்துக்குள் வைத்தார். முழுகியவர்கள் என்றார். பிறகு அளவுநாடாவை எடுத்து, பின்பக்கத்தால் சுற்றிவந்து கிராமத்தை அடைத்தார். மூன்று பக்கம் அவர், ஒரு பக்கம் ஆறு.

என் முறை வந்தது. கிராமத்துக்குள்ளிருந்த படைகளை வெளியே எடுக்கப் பார்த்தேன். முடியாது என்றார். விதிப்படி, ஒரு படை நகர அதற்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் வேண்டும். உள்ளே இடமே இல்லை. உண்மையிலும் அப்படித்தான் நடந்தது, துவக்கை உயர்த்தவே இடமில்லாமல் நெருக்குப்பட்டு நின்றார்கள், வீடுகள் பற்றி எரிந்தன, அங்கே பிடிபட்டதெல்லாம் இப்படித்தான் என்று ரயில் நேரசூசி வாசிப்பதுபோல அமைதியாகச் சொன்னார்.

"அந்த நகர்வை நான் திரும்ப எடுக்கவேண்டும்" என்றேன்.

"எந்த நகர்வை?"

"பதினெட்டையும் உள்ளே அனுப்பியதை."

அவர் சிரித்தார். "அது ஒரு மாதத்துக்கு முந்தியது. வைத்தது வைத்ததுதான்."

"இல்லை. தாருங்கள். அதை எனக்குத் திரும்பத் தாருங்கள்."

நோர்வேஜிய மொழியில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு மாறிக் கத்தினேன். முடிவு தெரிந்துகொண்டே என்னை உள்ளே அனுப்பவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று சொன்னேன். அந்த மனிதன் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோபப்படுவதற்கு அந்த அறையில் வேறு ஆள் இல்லை. அவர் கையில் அளவுநாடாவோடு நின்றார். "உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றார்.

கதிரையில் இருந்து அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தொலைபேசி வந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது, நான் என்ன சொன்னேன், எதைப் பார்த்துச் சொன்னேன் என்பதெல்லாம். அவருக்கு முன்னால் அழுதேன். அவர் என் தோளைத் தொடவில்லை, அவர்கள் தொடுவதில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார். பிறகு பலகைக்கு மேல் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடினார்.

அன்று மாலை ஒரு புத்தகம் எடுத்து, அந்தச் சண்டையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சித்திரையில், போரை நிறுத்தக் கேட்டு, நோர்வே நாடாளுமன்றத்துக்கு முன்னால் எங்கள் சனம் கூடி நின்றது. நானும் வேலை முடிந்து ரயிலில் போய் நிற்பேன். பதாகையில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு ஒரே வசனம்தான், கரைப்பக்கம் போங்கோ. ஒருநாள் நோர்வேஜியர் சுடுதண்ணீர்ப் போத்தலில் கோப்பியோடு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். சனம் கத்தியபோது அவருக்கு என்ன கத்துவதென்று தெரியவில்லை. மூடியில் ஊற்றி ஊற்றித் தந்தார், நான் குடித்தேன்.

வைகாசி முடிவில், சண்டை முடிந்து சனத்தை அடைத்துவைத்த முகாமுக்குள்ளிருந்து யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியில் அக்கா எடுத்தார். தம்பி என்று அவர் கூப்பிடும்வரை அது அக்காவின் குரல் என்று எனக்கு நிச்சயமில்லை.

"நானும் சின்னவனும் நிக்கிறம். அத்தானுக்குக் காலிலை காயம், ஆசுபத்திரியிலை. மூத்தவள் இல்லைத் தம்பி."

தண்ணீருக்கு வரிசையில் நின்ற இடத்தில், பங்குனியில். பதினொரு வயது. நான் அவளை நேரில் கண்டதில்லை. காய்ச்சலுக்கு நான் மருந்து சொன்ன பிள்ளை.

அக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏச்சு வரவில்லை. உன்ரை பிள்ளையள் என்ன செய்யினம், வேலை இருக்கோ என்று கேட்டார். பிறகும் பலமுறை கதைத்தோம். ஒருமுறையாவது, நீதானே சொன்னாய் என்று கேட்பார் என்று ஒவ்வொரு முறையும் தொலைபேசியைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். கேட்டால் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம். கேட்காத ஆளிடம் எப்படித் தொடங்குவது? நானாக வாயெடுத்தால் அந்தச் சனிக்கிழமையை அவர் மறுபடி தூக்கவேண்டும். இப்படி எனக்குச் சாட்டுகளுக்குக் குறைவில்லை.

ஆவணியில் ஒருநாள் நிலவறைத் திறப்பை வாங்கிக்கொண்டு தனியாகக் கீழே போனேன். விரிப்பைத் தூக்கினேன். எல்லாம் அப்படியே நின்றன. கிராமத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு கட்டையாக எடுத்து, வீடுகள் சரியாமல் மெதுவாக எடுத்து, ஓடைக்கு அப்பால், வயலுக்கும் அப்பால், பலகையின் கடைசி விளிம்பில் காடு வரைந்திருந்த இடத்தில் வரிசையாக வைத்தேன். இருபத்தேழு. எந்த விதியிலும் அப்படி ஒரு நகர்வு இல்லை. பின்னால் வந்து நின்ற நோர்வேஜியர் அதைப் பார்த்தார். அடுத்த தடவை போனபோதும் அவை காட்டுப்பக்கத்திலேயே இருந்தன.

மார்கழியில் அக்காவை முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அத்தானின் தமக்கை வீட்டில் ஒரு அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், சமையலறையில் நின்று கதைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் குண்டூசி குத்திய ஓட்டைகள் இன்னும் இருந்தன. வரைபடத்தை மனைவி கழற்றியிருந்தாள்.

"தம்பி, சின்னவனைப் பள்ளிக்கூடத்திலை விடவேணும்" என்றார் அக்கா. "கிட்ட ஒண்டு இருக்கு, நடந்து போகலாம். பெரிய பள்ளிக்கூடம் எண்டால் பஸ்ஸிலை போகவேணும். சத்தத்துக்கு இன்னும் பயப்பிடுறான். எதிலை விடுறது, நீ சொல்லு."

எனக்கு வாயில் மறுமொழி வந்துவிட்டது. பெரிய பள்ளிக்கூடம், அங்கே ஆசிரியர்கள் நல்லம், பயம் போகப்போகத் தெளியும் என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அந்தப் பள்ளிக்கூடங்கள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. சுவரில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது அக்கா" என்றேன்.

என் வாழ்க்கையில் அவருக்கு நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. பின்னால் சின்னவன் எதையோ தள்ளி விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்து, அக்கா என்றேன்.

"நிக்கிறன்" என்றார். கோபமில்லை, அழுகையில்லை, மிகவும் களைத்த குரல்.

"அண்டைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாமே, தம்பி."